பைன் மேட்டில் ஏழு முயல்கள்

காலை எட்டேகாலுக்குத்தான் வெளிச்சம் வந்தது. சைலஸ் லார்ட்டர் அதற்கு முன்பே பைன் மேட்டின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டான். மடியில் மரப்பெட்டி. உள்ளே இரண்டு ஃபெரட்டுகள், வளைக்குள் போய் முயலை விரட்டப் பழக்கிய கீரி போன்ற பிராணிகள், வைக்கோலைக் கீறிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு மணிக்குப் பண்ணை ஏஜென்ட் வருவார்.

சைலஸ் முப்பத்தொரு வருடமாக அந்தப் பண்ணையின் முயல்காரன். நார்ஃபோக்கின் அந்த மணல் மேடுகளில் வேறெதுவும் சரியாக விளைந்ததில்லை. முயல் விளைந்தது. இறைச்சி ரயிலில் லண்டனுக்குப் போனது, தோல் தொப்பி செய்கிறவர்களுக்குப் போனது. போன செப்டம்பரில் நோய் வந்தது. கண் வீங்கிக் குருடான முயல்கள் வண்டிப்பாதையின் நடுவில் உட்கார்ந்திருந்தன. ஆள் கிட்டே போனாலும் ஓடவில்லை. நவம்பர் முடிவதற்குள் பதினாறு மேடுகளில் பதினைந்து காலி. சைலஸ் அவற்றை வண்டியில் அள்ளிப் புதைத்தான். ரயில் பாதைக்கு அப்பால் தனியாகக் கிடந்த பைன் மேடு மட்டும் மிஞ்சியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஏஜென்ட் கிரிம்வுட் வீட்டு வாசலில் நின்று சொன்னார். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஜனவரி இருபத்தொண்ணு மதியம் நானே வந்து பாக்கறேன், லார்ட்டர். அந்த ஒரு மேடாவது சுத்தமா இருந்தா அங்கயே காகிதம் எழுதித் தர்றேன். செப்டம்பர் வரைக்கும் வேலையும் வீடும் உனக்கு. ஒரே ஒரு முயலுக்கு நோய் இருந்தாலும் அவ்வளவுதான். மொத்த நிலத்துலயும் மரம் நடப்போறாங்க. மரம் நடுற மேஸ்திரிக்கு வீடு வேணும்."

அன்றிலிருந்து சைலஸ் அந்த மேட்டுக்கு யாரையும் விடவில்லை. நாயைக் கட்டிப்போட்டான். ரயில் பாதைக் கதவருகே கிருமி போகச் சலவைச் சோடா கரைத்த வாளி வைத்தான். தானே ஆனாலும் அதில் பூட்ஸை முக்கி எடுத்த பிறகுதான் தாண்டினான்.

இன்று காலை அவன் கிளம்பும்போது மனைவி ஹெஸ்டர் சமையலறை மேசையில் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே எதுக்கு?"

"கடைசி நேரத்துல சுத்தினா உடையும்."

"மேடு சுத்தமாத்தான் இருக்கு."

"சரி," என்றாள். அடுத்த தட்டை எடுத்தாள்.

மேட்டின் கீழே, ரயில் பாதைக் கதவருகே சைக்கிள் சத்தம் கேட்டது. ஹெஸ்டரின் தம்பி கிளெமென்ட். ஆற்றுக்கு அக்கரையில் பன்றிப் பண்ணையில் வேலை. ஒரு நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தான். வாளியில் ஒரு காலை விட்டுவிட்டுத் தவ்வினான்.

"ஐயோ, பனிக்கட்டி மச்சான்! பூட்ஸுக்குள்ள போயிடுச்சு."

"இன்னொரு கால்."

"எனக்குத்தான் நோய் வரும்போல. நிமோனியா."

"மெதுவாப் பேசு. இன்னொரு கால்."

கிளெமென்ட் மறுகாலையும் முக்கினான். இருவரும் சத்தமில்லாமல் மேட்டில் ஏறினார்கள். முயலுக்குக் காது மட்டுமில்லை, தரையும் சேதி சொல்லும். இருபத்துமூன்று வளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் சுருக்கு வலையை விரித்து முளையை அழுத்தினார்கள். முயல் பாய்ந்தால் வலை பை போலச் சுருங்கிக்கொள்ளும். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

கீழ்க்கோடி வளையில் சைலஸ் மேபலை விட்டான். வெள்ளைப் பெட்டை ஃபெரட். கீரி உடம்பு, சிவப்புக் கண். வலைக்கு அடியில் மூக்கை நுழைத்தாள், ஒருமுறை உடம்பை உதறினாள், உள்ளே போய்விட்டாள்.

காத்திருந்தார்கள்.

தரைக்குள் தடதடவென்று சத்தம். முதல் முயல் வலையோடு வெளியே உருண்டது. கிளெமென்ட் அதன்மேல் விழுந்தான். கழுத்தைத் திருகுவதற்குமுன் சைலஸ் அதைப் பிடுங்கி முகத்தைத் திருப்பிப் பார்த்தான். கண் தெளிவு. காதடியை விரலால் தடவினான். வீக்கமில்லை.

"எப்படி?" என்றான் கிளெமென்ட், உதட்டை மட்டும் அசைத்து.

சைலஸ் தலையாட்டினான்.

அரை மணி நேரத்தில் ஏழு முயல்கள். ஏழும் சுத்தம். ஏழும் கீழ்ப்பக்க வளைகளிலிருந்து வந்தவை. மேபல் இருமுறை வெளியே தலைநீட்டிவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். பிறகு மேலே, பைன் மரங்களை ஒட்டிய பக்கம் நகர்ந்தாள் போலிருக்கிறது. சத்தம் நின்றது.

அந்தப் பக்கத்து வலைகள் எதுவும் அசையவில்லை.

பத்து மணி. கிளெமென்ட் ரொட்டியும் குளிர்ந்த பன்றி இறைச்சியும் எடுத்தான். வெங்காயத்தைக் கத்தியால் பிளந்து ஒரு பாதியை நீட்டினான். சைலஸ் வாங்கிக் கையில் வைத்திருந்தான்.

"கீழ்காத்து மச்சான். கீழ்காத்துல முயல் கிளம்பாது."

"ஏழு கிளம்புச்சே."

"அது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் காத்து நேரா அடிக்குது."

"ம்."

"இல்லன்னா மேபல் தின்னுட்டுத் தூங்கறா. என் பொண்டாட்டி மாதிரி. நேத்து சாப்பாடு போட்டியா?"

"பாலும் ரொட்டியும் போட்டேன். அரை வயிறு."

"பாத்தியா, பசி. ஒண்ணைக் கொன்னு தின்னுட்டு அதுமேலயே படுத்திருப்பா."

அப்படியும் இருக்கலாம். சைலஸ் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான். ஆனால் உயிருள்ள முயல் ஃபெரட்டின் வாடை பட்டால் ஓடும். ஒன்று மாட்டிக்கொண்டாலும் மற்றவை ஓடும். ஓடாத முயலை அவன் முப்பது வருடத்தில் அதிகம் பார்த்ததில்லை. இந்த ஐந்து மாதத்தில் பார்த்தான்.

மேபலை வெளியே இழுக்க ஒரு முயலின் வயிற்றைக் கீறிக் குடலை வளையின் வாயில் வைத்து விசிறினான். நாக்கைச் சொடுக்கினான். படுத்துக் காதைத் தரையில் வைத்தான். மண்வெட்டிக் காம்பை மண்ணில் ஊன்றி அதன் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருந்தான். சத்தம் இருந்தால் பல்லுக்கு வரும்.

வந்தது. மெல்லிய சுரண்டல். நிற்கும், மறுபடி சுரண்டும்.

"சுரண்டறா," என்றான்.

"எதை?"

சைலஸ் காம்பை மண்ணிலிருந்து பிடுங்கினான். கிளெமென்டுக்கும் தெரியும். மூலையில் அடைந்த முயல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் ஃபெரட் அதன் முதுகைத்தான் சுரண்டும்.

"பிஷப்பை விடு," என்றான் கிளெமென்ட். "அடுத்தவன் சாப்பாடுன்னா அவரு முதல்ல போய் நிப்பாரு."

பிஷப் இரண்டாவது ஃபெரட், கடுவன். மேபலைவிட இரண்டு மடங்கு கனம். கழுத்தில் தோல் பட்டை. பட்டையில் சணல் கயிறு, கஜத்துக்கு ஒரு முடிச்சு. அவன் போய்ப் பெட்டையை விரட்டிவிட்டு முயல்மேல் தான் படுத்துக்கொள்வான். அப்புறம் கயிற்றைப் பிடித்துக்கொண்டே தோண்ட வேண்டியதுதான். எவ்வளவு தூரம் என்று முடிச்சு சொல்லும். எந்தப் பக்கம் திரும்பினான் என்று சொல்லாது.

சைலஸ் கயிற்றை விரலிடுக்கில் விட்டான். ஒரு முடிச்சு. இரண்டு. மூன்றாவதில் கொஞ்சம் நின்றது. நான்கு. ஐந்து. அப்புறம் நகரவில்லை. இழுத்துப் பார்த்தான். மறுமுனை திருப்பி இழுத்தது.

"அஞ்சு கஜம்."

"நேரா வேருக்கடியில," என்றான் கிளெமென்ட். கோட்டைக் கழற்றினான்.

முதல் குழி தப்பு. இடுப்பளவு தோண்டியும் கயிறு தென்படவில்லை. மணல் இரண்டு பக்கமும் சரிந்துகொண்டேயிருந்தது. இரண்டாவது குழியைப் பாதி தூரத்தில் போட்டார்கள். இரண்டடியில் வளை உடைந்தது, கயிறு தெரிந்தது. அது நேராகப் போகவில்லை. இடப்பக்கம் திரும்பி, மேட்டின் உச்சிப் பக்கம் ஏறியது.

சைலஸ் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சான்?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி நான் மேபலை இங்கதான் விட்டேன். சோதிச்சுப் பாக்க. ஆறு எடுத்தேன். ஆறும் சுத்தம்."

"அப்ப நல்லதுதானே."

"தோண்டு."

மூன்றாவது குழியில் பைன் வேர் குறுக்கே வந்தது. கிளெமென்ட் கோடரியால் வெட்டினான். வியர்வை மூக்கு நுனியில் நின்றது. தேவாலய மணி பதினொன்று அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. சைலஸ் குழிக்குள் இறங்கிக் கையாலேயே மணலை வழித்தான். ஓட்டை திறந்தது. குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டான்.

முதலில் பிஷப்பின் முதுகு. பட்டையைப் பிடித்து இழுத்து மேலே கொடுத்தான். அடுத்து மேபல். விரலை லேசாகக் கடித்தாள், பிறகு வாடை தெரிந்து விட்டுவிட்டாள். நகமெல்லாம் முயல் மயிர். அவளையும் மேலே கொடுத்தான்.

மறுபடி கையை விட்டான். மயிர். மயிர் போன இடத்தில் தோல். சூடு. உயிரோடு இருந்தது. கை பட்டும் நகரவில்லை. கையை மேலே கொண்டுபோய்த் தலையைத் தடவினான்.

அப்படியே படுத்திருந்தான்.

"மச்சான்?"

பின்னங்காலைப் பிடித்து வெளியே எடுத்தான். முதுகு முழுக்க மேபல் சுரண்டியிருந்தாள். கண்கள் இரண்டும் மூடிச் சீழ் கட்டியிருந்தன. காதடியில் கொட்டைப்பாக்கு அளவு வீக்கம். மூக்கில் நீர். கிளெமென்ட் ஒரு அடி பின்வாங்கினான்.

சைலஸ் கழுத்தைத் திருகினான். கீழே வைத்தான். மறுபடி கையை விட்டான். இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. மூன்றும் அப்படித்தான். மூன்றையும் வரிசையாக வைத்தான். காதோரத்தில் தெள்ளுப்பூச்சிகள் ஊர்ந்தன. உடம்பு ஆறத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக மணலுக்கு இறங்கின.

சைலஸ் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து மேபலைத் தூக்கி அவள் காதைப் புரட்டினான். மயிருக்கடியில் கறுப்பாக இரண்டு. கழுத்து மடிப்பில் ஒன்று.

"மாப்ளே."

"என்ன?"

"புது வருசத்துக்கு மறுநாள் இவளை வாங்கிட்டுப் போனே."

"ஆமா. எலிக்கு. பன்றிக் கொட்டாயில. சொன்னேனே."

"எலிக்கு மட்டும்தானா?"

கிளெமென்ட் மண்வெட்டியின் விளிம்பிலிருந்த மணலைக் கட்டைவிரலால் துடைத்தான்.

"கிளெம்."

"ஒரே ஒரு நாள் மச்சான். ஆத்தங்கரை மேட்டுல. ஞாயித்துக்கிழமைக்குக் கறி வேணும்னு என் பொண்டாட்டி கேட்டா. மூணுதான் கிடைச்சுது."

"அந்த மேட்டுல நோய் இருந்துச்சா?"

"நான் பிடிச்ச மூணும் நல்லாத்தான் இருந்துச்சு. சத்தியமா. தின்னோமே."

"மேட்டுல இருந்துச்சான்னு கேட்டேன்."

"அங்கங்க ஒண்ணு ரெண்டு கிடந்துச்சு." குரல் உயர்ந்தது. "ஃபெரட்டுக்கு அந்த நோய் ஒட்டாதுன்னு நீதானே சொன்னே? மாட்டு டாக்டர்கூடச் சொன்னாரு. நான் என்ன கண்டேன்?"

ஒட்டாது. உண்மைதான். ஆனால் தெள்ளுப்பூச்சி அதன் மயிரில் ஒட்டும், நோயைச் சுமந்து போகும். விவசாய இலாகாக்காரன் கொடுத்த நோட்டீஸில் அது அச்சடித்திருந்தது. சைலஸ் படித்தான், சோடா வாளி வைத்தான், நாயைக் கட்டினான். மேபல் திரும்பி வந்தபோது கிளெமென்ட் பெட்டி நிறையப் புது வைக்கோல் போட்டுக் கொடுத்திருந்தான். ஆற்றங்கரைப் புல்லின் வைக்கோல். நல்ல வாசனை, நல்ல சூடு. அதை எறிய அவனுக்கு மனம் வரவில்லை. அந்த வைக்கோலோடுதான் அவளை இந்த மேட்டுக்குக் கொண்டுவந்தான். தன் கையாலேயே வளைக்குள் விட்டான்.

அதைக் கிளெமென்டிடம் சொல்லவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து பிஷப்பின் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

"மணி என்ன?" என்றான்.

கிளெமென்ட் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்தான். "பன்னெண்டுக்கு இருபது நிமிசம்." சற்று நின்றான். "மச்சான், இங்க பாரு. ஏழு நல்ல முயல் இருக்கு. அந்த ஆள் என்ன, வளைக்குள்ள தலையை விட்டாப் பாக்கப்போறாரு? ஏழையும் தொங்கவிடு. காகிதத்தை வாங்கு."

"ரெண்டு வாரத்துல இந்த மேட்டுல ஒரு முயலும் இருக்காது."

"இருக்கட்டுமே. காகிதத்துல கையெழுத்து விழுந்துட்டா செப்டம்பர் வரைக்கும் வீடு. அப்புறம் செத்துச்சுன்னா அப்புறம் செத்துச்சு. அது உன் தப்பா?"

சைலஸ் அவனைப் பார்த்தான்.

கிளெமென்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரி, என் தப்பு. என் தப்புன்னே வெச்சுக்கோ. அக்கா என்ன செஞ்சா? இந்தக் குளிர்ல எங்க போவீங்க? என் வீட்டுல ஒரு ரூம். அதுல நாங்க அஞ்சு பேரு. நீ வந்தா பிஷப்போடதான் படுக்கணும்."

சைலஸ் சிரிக்கவில்லை. கிளெமென்டும் சிரிக்கவில்லை.

"உன் இஷ்டம்," என்றான் சைலஸ்.

அது சம்மதமா என்று அவனுக்கே தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். சுற்றிவைத்த தட்டுகள் ஞாபகம் வந்தன. கயிற்றின் ஐந்தாவது முடிச்சில் சிக்கிய வேரின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் கிளெமென்ட் மூன்று முயல்களையும் காலால் குழிக்குள் தள்ளி மணலை வாரிப் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று குழிகளையும் மூடினான். மேலே ஏறி மிதித்தான். புல்தரையைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவைத்தான். ஆனாலும் அடிமணலின் மஞ்சள் அங்கங்கே தெரிந்தது.

வலைகளைக் கழற்றி மூட்டை கட்டினார்கள். ஏழு முயல்களின் பின்னங்காலையும் கீறி, ஒரு காலுக்குள் மறுகாலை நுழைத்து, ஒரு கழியில் கோத்து இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே தொங்கவிட்டார்கள். காற்றில் அவை லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

கார் ரயில் பாதைக் கதவோடு நின்றது. கிரிம்வுட் வாளியைப் பார்த்தார், இரண்டு பூட்ஸையும் ஒழுங்காக முக்கினார், கைத்தடியை ஊன்றிக்கொண்டு மேலே வந்தார். கனத்த ஆள். மூச்சு வாங்கியது.

"என்ன லார்ட்டர், எப்படி?"

"ஏழு சார்," என்றான் கிளெமென்ட். "ஏழும் தங்கம்."

"உன்னைக் கேக்கல."

கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு முயலாகப் பார்த்தார். அவசரமில்லை. கண்ணிமையைப் பெருவிரலால் விலக்கினார். காதடியை அமுக்கினார். உடம்பைத் திருப்பி முதுகில் ஊதி மயிரைப் பிரித்துப் பார்த்தார். வாலடியையும் பார்த்தார். ஏழாவது முயலையும் பார்த்துவிட்டுக் கையைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"நல்ல முயல். நான் நம்பவேயில்ல, தெரியுமா? வர்ற வழியில மேஸ்திரிகிட்ட சாவி நாளைக்குன்னு சொல்லிட்டு வந்தேன். பாவம், அவனுக்கு வேற இடம்தான் பாக்கணும்."

கோட்டின் உட்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினார். எழுத ஏதாவது தட்டையான இடம் இருக்கிறதா என்று சுற்றும் பார்த்தார். சைலஸ் மரப்பெட்டியை நீட்டினான். உள்ளே மேபல் வைக்கோலைக் கீறினாள்.

கிரிம்வுட் பெட்டியின்மேல் காகிதத்தை விரித்தார். குனிந்தவர் கண்ணில் தரை பட்டது.

"இங்க தோண்டியிருக்கீங்களா?"

"ஆமா சார்," என்றான் கிளெமென்ட். "பெட்டை உள்ளயே தங்கிடுச்சு. கடுவனைக் கயித்துல விட்டு எடுத்தோம். மூணு குழி. முதுகு போச்சு."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது சார். இதோ பெட்டிக்குள்ள இருக்கு."

"எங்கப்பாவும் ஃபெரட் வெச்சிருந்தார். நாள் முழுக்கத் தோண்டுவோம்." கிரிம்வுட் சிரித்தார். பேனாவைக் காகிதத்தில் வைத்தார். வைத்தவர் எழுதவில்லை. நிமிர்ந்து கழியில் தொங்கிய முயல்களைப் பார்த்தார். மறுபடி மஞ்சள் மணலைப் பார்த்தார். கைத்தடியின் நுனியால் அதை ஒருமுறை குத்தினார். அது சுலபமாக உள்ளே இறங்கியது.

கிளெமென்ட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிரிம்வுட் அவன் பக்கம் திரும்பவில்லை.

"பெட்டை தங்குச்சுன்னா ஒரு முயலோடதான் தங்கியிருக்கும். இந்த ஏழும் வலையில விழுந்தது. ஒண்ணு முதுகுலயும் ஒரு கீறல் இல்ல. உள்ளே இருந்த முயல் எங்கே, லார்ட்டர்?"